நீ சொல்ல மறுத்த பிரதிக்கினை

இன்று காலை கூட்ஸ் ஷெட்டில் கடலை மூட்டைகளுக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தபோது வைக்கோல் புகையோடு தோல் காயும் வாசனை வந்தது. அரியலூரில் யாரோ செத்திருக்கிறார்கள். பாடைக்கு முன்னால் அடித்துக்கொண்டு போக வந்தவர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வைக்கோலைக் கொளுத்திப் பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். நெருப்பைச் சுற்றிக் குந்தியிருந்தவர்களில் ஒருவன்கூட உன் சாயலில் இல்லை. மேஸ்திரி கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் திரும்பி வந்தேன்.

நீ போய்ச் சில வருஷம் ஆயிற்று, பங்காளி. வெள்ளைக்காரன் சண்டை முடிந்துவிட்டது. கொடி மாறிவிட்டது. ரேஷன் மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இப்போதும் அப்படியே வாசிக்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வெகுநாளாக நினைக்கிறேன். பாவம் என்ற சொல்லை நான் ஒரு சாட்டையாகத்தான் பார்த்து வளர்ந்தேன். பண்ணைக்காரன் கையில் ஒரு சாட்டை, சாமியார் கையில் ஒரு சாட்டை. இரண்டும் நம் தெரு முதுகில்தான் விழும். நீயும் அதே தெருதான், அதே முதுகுதான். உனக்கு மட்டும் அந்தச் சொல் எப்படி வேறொன்றாகப் பட்டது?

நம் ஊரை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செந்துறைக்குத் தெற்கே, வரகும் கம்பும் விளைகிற மேட்டுக் காடு. அதன் ஓரத்தில் நம் தெரு. தெருக்கோடியில் ஓடு போட்ட நம் மாதா கோயில். மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருகிற சாமியார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் நம்மை வரிசையாக உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். அவர் ராகம் போட்டுக் கேட்பார், நாம் ராகம் போட்டுப் பதில் சொல்வோம். சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். நான் அதை எட்டாம் வகுப்பு வரை ஒப்பித்தேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ யோசித்தாய்.

"சம்மதமில்லாம ஒருத்தன் செஞ்சா?" என்று கேட்டாய்.

"அப்ப அது சாவான பாவமில்ல."

"அப்ப அம்மன் கோயில்ல நாம பறையடிக்கிறது?"

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "அது வேற."

"எப்படி வேறங்க?"

"நரகம் எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்" என்று பேச்சை மாற்றினார். நீ கொஞ்சமும் தயங்காமல், "பங்குனி மாசத்து நம்மூரு மாதிரிங்க. கெணத்துல தண்ணி மட்டும் இன்னும் கொஞ்சம் கீழ கெடக்கும்" என்றாய். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் அன்றைய பாடம் முடிந்துபோனது.

ஆனால் நீ கேட்ட கேள்வி முடியவில்லை. அது ஒவ்வொரு வைகாசியும் வந்தது. ஊர்த்தெருவில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் நம் தெருவிலிருந்து பறை போக வேண்டும். அது பாட்டன் காலத்து முறை. நம் பாட்டன்கள் ஞானஸ்நானம் வாங்கியதால் ஊர்க்காரன் அந்த முறையை விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஒரு தடவை சாமியார் பேச்சைக் கேட்டு நம்மவர்கள் போகாமல் இருந்தார்கள். அந்த வருஷம் அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நம் ஆடு மாடு ஏரிக்கரையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். பிள்ளைகள் கத்தாழைக் கிழங்கு தின்று கிடந்தன. அடுத்த வருஷம் சொல்லி அனுப்புவதற்கு முன்பே பறை போய்விட்டது.

இதற்கு நம் தெரு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. வைகாசியில் அடிப்பது. அடுத்து சாமியார் வரும்போது, அடித்த ஆண்கள் எல்லாம் இலந்தை முள்ளை வளைத்து முடி செய்து தலையில் வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் வெயிலில் முழந்தாளில் நிற்பது. பூசை முடிந்ததும் உபதேசியார் சொல்லச் சொல்ல எல்லாரும் ஒரே குரலாகப் பிரதிக்கினை சொல்வது: "இனிமேல் ஒருக்காலும் அஞ்ஞானத் திருவிழாவுக்குப் பறையடிக்க மாட்டோம்." பிறகு ஒவ்வொருவராகச் சாமியார் காதில் பாவசங்கீர்த்தனம், அவர் கொடுக்கிற பாவவிமோசனம். எல்லாரும் வெள்ளையாகிவிடுவார்கள். அடுத்த வைகாசியில் மறுபடியும் அதே தோல், அதே வைக்கோல்.

பிரதிக்கினை பொய் என்று எல்லாருக்கும் தெரியும். சாமியாருக்கும் தெரியும். தெருவில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. பல் விளக்குவது போல வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற காரியம். எனக்கு எரிச்சலாக இருக்கும். "பயந்தும் சாகணும், பொய்யும் சொல்லணும், முள்ளும் குத்திக்கணுமா" என்று கத்துவேன். உன் முள்முடியை நீ கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்கனா பாரு" என்பாய்.

அப்புறம் நிஜமாகவே மாப்பிள்ளை ஆகப் போனாய். பாடாலூரில் ரோடு வேலை மேஸ்திரி மகள் லூர்து. பேச்சு முடிந்து, சாமியார் கோயிலில் முதல் கல்யாண ஓலையும் வாசித்துவிட்டார். இன்னும் இரண்டு ஓலை வாசித்தால் ஆனியில் கல்யாணம். நடுவில் வைகாசி வந்தது. உன் அப்பா இறந்த பிறகு முதல் பறை உன் கைக்கு வந்திருந்தது. அடித்தாய். எட்டு ஊரில் அப்படி அடிக்க ஆள் இல்லை என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அந்தப் பரிகார ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஷெட்டு வேலையிலிருந்து லீவில் வந்திருந்தேன். நீ முள்முடியோடு வரிசையின் முனையில் முழந்தாளில் இருந்தாய். அன்று முடியைச் சாய்த்து வைத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் மெல்லிய ரத்தக் கோடு. பூசை முடிந்தது. உபதேசியார் ஆரம்பித்தார். எல்லாரும் சொன்னார்கள். உன் வாய் மூடியே இருந்தது. சாமியார் கவனித்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீ சொல்லலையே."

"ஆமாங்க சாமி."

"சொல்லு."

"நான் சொல்ல மாட்டேங்க."

"அடிச்சது தப்புன்னு தோணலையா உனக்கு?"

"தோணுதுங்க. அதுக்குத்தான் முள்ளு வச்சிருக்கேன். ஆனா வர்ற வைகாசிக்கு அடிப்பேங்க. தெரிஞ்சே மாட்டேன்னு சொன்னா அது இன்னொரு பாவமில்லீங்களா? அதுவும் கோயில்ல நின்னுக்கிட்டு."

சாமியார் இளைஞர், தெற்குச் சீமைக்காரர், கோபக்காரர் அல்லர். "இனி செய்வதில்லைங்கிற மனசு இல்லாம பாவவிமோசனம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லைப்பா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பாவவிமோசனம் இல்லாம கல்யாணமும் நான் எப்படிச் செய்து வைக்கிறது?"

"தெரியுங்க சாமி" என்றாய்.

அன்று இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

சாமியாரைவிட நம் தெருவுக்குத்தான் உன்மேல் கோபம் வந்தது. எனக்கு முதலில் அது விளங்கவில்லை. ஊர்க்காரன் பண்ணையில் குனிந்து குனிந்து கூன் விழுந்த உன் சித்தப்பா, உன்மேல் மண்ணை அள்ளி இறைத்தார். "நாங்க எல்லாரும் சொல்றோம். ஒனக்கு மட்டும் நாக்கு சுளுக்கிக்கிச்சா? எங்களையெல்லாம் பொய்யன்னு காட்டுறதுக்கா அங்க வந்து மண்டி போட்ட?" அப்போது விளங்கியது. எல்லாரும் சேர்ந்து சொன்னவரை அது பொய்யாக இல்லை, வெறும் வழக்கமாக இருந்தது. ஒருவன் வாயை மூடியதும் மற்றவர்கள் சொன்னது அத்தனையும் அவரவர் காதில் விழுந்துவிட்டது.

பாடாலூருக்கு உன்னோடு நானும் வந்தேன். சண்டையால் பெட்ரோல் இல்லாத காலம். பின்னால் அடுப்புக் கட்டி, கரி போட்டு ஓட்டுகிற பஸ். பெரம்பலூர் தாண்டி ஒரு மேட்டில் அது நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே உன்னிடம் கேட்டேன்.

"ஏண்டா, கட்டாயத்துல செய்யறது பாவமில்லைன்னு ஞானோபதேசத்துலயே இருக்கு. போகலைன்னா சோறு கெடையாது. அப்புறம் எங்கடா முழுச் சம்மதம்? சாமியார்கிட்ட அதைச் சொல்லேன்."

நீ தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டே சொன்னாய். "அந்தத் தெருவுக்குள்ள போற வரைக்கும்தான்டா கட்டாயம். கைய வச்சிட்டன்னா கட்டாயம் எல்லாம் எங்கயோ போயிடுது. அம்மனும் தெரியல, ஊர்க்காரனும் தெரியல. எனக்கு அடிக்கப் புடிக்குது. முழுச் சம்மதத்தோடதான் அடிக்கிறேன். அவனுவ என்னை அடிக்க வைக்கிறானுவன்னு நான் எப்படிச் சொல்றது?"

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. எதிரியைக் கையில் பிடித்துக் கொடுத்தால், நீ அவனை விட்டுவிட்டு உன் நெஞ்சையே தட்டிக்கொண்டு நிற்கிறாய். "ஒன்ன வச்சிக்கிட்டு ஒரு நியாயமும் கேக்க முடியாதுடா" என்றேன். "அதை நீ கேளு, நீதான் படிச்சவன். நான் என் கணக்க மட்டும் சொல்றேன்" என்றாய். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நீ ஓடிப்போய் ஏறிக்கொண்டு எனக்குக் கை நீட்டினாய்.

லூர்துவின் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "எல்லாரும் சொல்றதுதானே தம்பி. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. ஆனியில வச்சிக்கலாம். இல்லைன்னா பொண்ணை வேற எடத்துல பாக்க வேண்டியிருக்கும்." நான் உன் சார்பில் என்னென்னவோ பேசினேன், யாரும் கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த லூர்து உன்னைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமிகிட்டயே பொய் சொல்லிட்டு வர்ற ஆளு நாளைக்கி என்கிட்ட எதைத்தான் உண்மையா சொல்லுவாரு? அவரால எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொல்லிட்டு வரட்டும். நான் இருக்கேன்."

"வாயாடி" என்றார் அவள் அப்பா. ஆனால் வேறு இடம் பார்ப்பதாக மறுபடி சொல்லவில்லை. திரும்பி வருகையில் வழி முழுக்க நீ எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

அடுத்த மாதம் சாமியார் வந்தபோது நீ தனியாக முள்முடி வைத்துக்கொண்டு வாசலில் முழந்தாளிட்டாய். யாரும் சொல்லிக்கொடுக்காத பிரதிக்கினை அது. "அடிச்சா, அடிச்சேன்னு இங்க வந்து முட்டி போடுவேன் சாமி. மறைக்க மாட்டேன். அதுக்கு மேல என்கிட்ட வாக்கு இல்ல."

சாமியார் உன் பக்கம் குனிந்தார். "இது போதுமான்னு எனக்குத் தெரியலை. மேலிடத்துக்கு, மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்கிறேன்" என்றார்.

அன்று அவர் சைக்கிளை எடுக்கும்போது நான் அவரை மறித்தேன். "சாமி, பறையடிச்சா பாவம், சரிங்க. பெரிய கோயில் திருவிழாவுக்கு வந்தா எங்களை எடப்பக்கம் கம்பிக்கு அந்தாண்ட ஒதுக்கி உக்கார வைக்கிறீங்களே, அது எந்தக் கட்டளைக்கு விரோதங்க? அதுக்கு யார் தலையில முள்ளு வைக்கிறது?" அவர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தக் கம்பியை நான் போடலை" என்றார். சிறிது தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று திரும்பினார். "எடுக்கவும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அந்த ஆள்மேல் முழுதாகக் கோபப்பட என்னால் அதன் பிறகு முடியவில்லை. அது ஒரு நஷ்டம்தான்.

மேற்றிராணியாரின் பதில் வருவதற்கு முன்னால் ஆடிக் காற்றோடு காலரா வந்தது. எனக்கு ஸ்டேஷனில் சேதி கிடைத்து ஓடிவந்தபோது உச்சி வெயில். உன் வீட்டுக்கு வெளியே சாம்பல் கொட்டியிருந்தது. நீ பாயில் கிடந்தாய். கண் குழிக்குள் போய், கன்னம் ஒட்டி, உன் அப்பாவைவிடக் கிழவனாகத் தெரிந்தாய். சாமியார் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். உபதேசியார் உன் காதருகே குனிந்திருந்தார். அவர் உன்னை நேசித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன் ஆத்துமம் நரகத்துக்குப் போய்விடுமே என்றுதான் அவருக்குப் பயம்.

"இப்பவாவது சொல்லிடுடா, ராசா. இனிமே நீ எங்கடா அடிக்கப்போற? இப்ப சொன்னா அது பொய்யே இல்லைடா. ஒரு வார்த்தை. மாட்டேன்னு சொல்லிடு."

அறையில் எல்லாரும் உன் வாயையே பார்த்தோம். நான்கூட மனதுக்குள், சொல்லித் தொலையேன்டா என்றுதான் நினைத்தேன். உன் உதடு வெடித்திருந்தது. அதில் ஒரு சிரிப்பு வர முயற்சி செய்தது.

"பொழைச்சிட்டா அடிப்பேனே" என்றாய்.

உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். சாமியார் எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். நாங்கள் முற்றத்து வெயிலில் நின்றோம். உள்ளே உன் குரல் கேட்டதா, அவர் குரல் கேட்டதா, எனக்கு நிச்சயமில்லை. கதவு திறந்தபோது அவர் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்திருந்தார். சாகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதல் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. கண்ணில், காதில், மூக்கில், உதட்டில் பூசினார். கையில் பூசும்போது அவர் விரல் கொஞ்சம் தாமதித்தது. சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவன் நான். அந்த லத்தீன் வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியும்: இந்தக் கைகளால் செய்த குற்றங்களை ஆண்டவர் மன்னிப்பாராக. நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

உன்னைக் கோயில் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். லூர்து அவள் அப்பாவோடு வந்தாள். "கடைசியா என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். "பொழைச்சிட்டா அடிப்பேன்னாரா" என்று திருப்பிக் கேட்டாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். இப்போது அவள் புள்ளம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று கேள்வி.

கதவுக்குப் பின்னால் நீ என்ன சொன்னாய்? இதுவும் நான் கேட்க நினைத்ததுதான். கடைசியில் சொல்லிவிட்டாயா? அல்லது நீ சொல்லாமலே அவர் கொடுத்தாரா? கொடுத்தார் என்றால் அவர் விதியை மீறினாரா, அல்லது விதியை அன்றுதான் புரிந்துகொண்டாரா? பிறகு ஒரு நாள் அரியலூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "அவன் மாட்டேன்னு சொன்னானா சாமி?" அவர் என்னைப் பார்க்கவில்லை, வரப்போகிற ரயில் பக்கம் பார்த்தார். "அது உனக்கும் எனக்கும் நடுவில பேசுற விஷயம் இல்லைப்பா" என்றார். கொஞ்ச நாளில் அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

நம் தெருவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல ஆசைதான். அடுத்த வைகாசியில் பறை போயிற்று. முதல் பறையை உன் சித்தப்பா மகன் அடித்தான், சுமாராக. பரிகார ஞாயிறன்று எல்லாரும் முள்முடியோடு முழந்தாளிட்டு, எப்போதையும்விட உரக்கப் பிரதிக்கினை சொன்னார்கள். நீ இருந்த முனையில் வேறொருவன் இருந்தான். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்களை அந்த வெயிலில் மண்டியிட வைத்தவர்கள் யாரும் ஒரு நாளும் எங்கும் மண்டியிட்டதில்லை. அந்தக் கோபம் எனக்குக் குறையவில்லை, குறைய விடவும் மாட்டேன்.

ஆனால் பாவத்தைச் சாட்டை என்று மட்டும் சொல்ல இப்போது முடியவில்லை. சாட்டைக்குப் பயந்தவன் நீயில்லை. பயந்திருந்தால் எல்லாரையும் போலச் சொல்லிவிட்டு லூர்துவைக் கட்டியிருப்பாய். நீ வேறு எதையோ பார்த்தாய். தான் சொல்கிற ஒரு வார்த்தை நிஜமாகவே எங்கேயோ போய்ச் சேருகிறது, அங்கே யாரோ அதைக் கேட்கிறார் என்று நம்புகிறவனுக்குத்தான் பொய் அவ்வளவு கனக்கும். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. கனம் மட்டும் வந்துவிட்டது.

பல வருஷத்துக்குப் பிறகு போன தவசுகாலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஊர்க்காரர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வீட்டு மூட்டை ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அவர்கள் குடி அழிய வேண்டும் என்று நான் மனதார விரும்புவதைச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தட்டியின் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த புதுச் சாமியார் நல்ல புத்தி சொல்லி, பாவத்துக்கு வருந்தி இனிச் செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்கிற மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். தடையில்லாமல்தான் ஆரம்பித்தேன். 'இனிமேல் ஒருபோதும்' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு ஷெட்டில் யார் மூட்டை இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

"என்னப்பா, மந்திரம் மறந்துபோச்சா?"

"இல்ல சாமி" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்கு."